பூட்டிய பீரோவில் ஆறு ரப்பர் துண்டுகள்

பூட்டியிருந்த பீரோவைத் திறந்து ஆறு ரப்பர் துண்டுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு ஆறு துண்டுகளை என் நண்பன் வைத்துவிட்டான் என்று நான் பதினாறு நாள் நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் அது சந்தேகம் இல்லை, நம்பிக்கை. சாமியை நம்புகிறவர்கள் காலையில் ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை கும்பிட்டுக்கொள்வதுபோல் நான் பல் துலக்கும்போது ஒரு தடவை, தலையணையைத் தட்டிப் போடும்போது ஒரு தடவை நினைத்துக்கொண்டு நம்பினேன். ஒரு நோட்டில் ஆதாரங்களைக்கூட எழுதி வைத்தேன். மொத்தம் ஒன்பது ஆதாரங்கள். அதில் நாலாவது, 'அவன் அன்று வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தான்.' ஏழாவது, 'அவன் அன்று சிரிக்கவே இல்லை.'

எனக்கு ஐம்பத்தோரு வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் ரப்பரைச் சோதித்துப் பார்க்கிற வேலை. மின்கம்பங்களில் கம்பியைத் தாங்கிக்கொண்டு, ஒரே காம்பில் வரிசையாகக் குடைகளைச் செருகி வைத்ததுபோல் சாம்பல் நிறத்தில் ஒன்று இருக்குமே, அதுதான் எங்கள் சரக்கு. முன்பெல்லாம் பீங்கானில் வந்தது. நாங்கள் சிலிக்கோன் ரப்பரில் செய்கிறோம். அதனிடம் உலகம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். மழை பெய்தாலும் பனி இறங்கினாலும் தண்ணீரைத் தன்மேல் படரவிடாமல் முத்து முத்தாக நிறுத்த வேண்டும். தண்ணீர் ஒரே படலமாகப் படுத்துவிட்டால் மின்சாரம் அந்தப் படலத்தின்மேல் நடந்து மறுபக்கம் போய்விடும். அப்புறம் ஊரே இருட்டு.

இங்கே வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் குமணன்சாவடிப் பக்கம் கார்களுக்கு ரப்பர் குழாய் செய்கிற இடத்தில் இருந்தேன். கறுப்பு ரப்பர். அது வெயிலில் கெட்டால் கெட்டதுதான். முதலில் வெளிறும். பிறகு விரலால் தேய்த்தால் கறுப்பு மாவாக ஒட்டும். பிறகு வளைத்தால் கோடு கோடாக வெடிக்கும். அதை நிழலில் போட்டு ஆறு மாதம் கழித்து எடுத்தாலும், போட்ட இடத்தில் போட்ட வெடிப்பு அப்படியே இருக்கும். வெயில் கெடுத்ததை எதுவும் திருப்பாது என்பது இருபத்திரண்டு வருஷத்தில் என் கை கற்றுக்கொண்ட பாடம். அந்தக் கம்பெனி வேறு மாநிலத்துக்கு இடம் மாறியபோது நான் மாறவில்லை. கறுப்பு ரப்பரிலிருந்து சாம்பல் ரப்பருக்கு வந்தேன். ரப்பர் ரப்பர்தானே என்று நினைத்தேன்.

குடியிருப்பது கொரட்டூரில், இரண்டாவது மாடியில், தனியாக. சண்டை எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம். மனைவிக்குச் சாத்தூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை. மாறுதலுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், வருஷா வருஷம் எழுதிப் போடுகிறாள். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தினமும் எட்டரைக்கு மனைவியிடமிருந்து போன் வரும். "சாப்ட்டாச்சா?" "சாப்ட்டாச்சு." "என்ன?" "தோசை." தோசை சுட்டு நாலு மாதம் ஆகியிருக்கும். ஆனால் அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் பழகிவிட்டது, மாற்றினால் அவள் பயந்துவிடுவாள்.

கம்பெனியிலும் என் அறை தனி. தகரக் கூரைக்குக் கீழே கண்ணாடி வைத்துத் தடுத்த ஓர் அறையில் நான், ஒரு மேஜை, ஒரு இரும்பு பீரோ, ஒரு சோதனைப் பெட்டி. பெட்டி என்றால் கடையில் இருக்கும் பெரிய ஐஸ்கிரீம் பெட்டி அளவு. உள்ளே வரிசையாக புற ஊதாக் கதிர் விளக்குகள். எட்டு மணி நேரம் விளக்கு எரியும். அதுதான் அதற்குப் பகல். அடுத்த நாலு மணி நேரம் விளக்கு அணைந்து உள்ளே ஆவி கட்டித் துண்டுகளின்மேல் வியர்க்கும், அதுதான் ராத்திரி. ஆக எனக்கு ஒரு நாள் ஓடினால் உள்ளே இருக்கும் ரப்பருக்கு இரண்டு நாள் ஓடிவிடும். வெளியே பல வருஷம் வெயிலில் தொங்கி அனுபவிக்க வேண்டியதை ஆறே வாரத்தில் அனுபவிக்க வைப்பதுதான் அந்தப் பெட்டியின் தொழில். இடுக்கு வழியாக ஊதா வெளிச்சம் கசியும். அதைக் கண்ணால் பார்க்கக் கூடாது. எனவே என் வேலை, பார்க்கக் கூடாத ஒன்றின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது.

பேச்சுத் துணை என்று இருந்தது ஒரே ஆள். மில் ஓட்டுகிறவன். மில் என்றால் எதிரும் புதிருமாகச் சுழலும் இரண்டு இரும்பு உருளைகள். அதன் நடுவே ரப்பரையும் பொடிகளையும் போட்டு, பரோட்டா மாஸ்டர் மாவு பிசைவதுபோல் மடித்து மடித்துக் கலக்க வேண்டும். அவன் கோவில்பதாகைக்காரன். என்னைவிட இரண்டு வயது சின்னவன். குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நிலம் இருந்ததாம். இப்போது அதன்மேல் ஐந்து மாடிக் குடியிருப்பு நிற்கிறது, அதில் மூன்றாவது மாடியில் நடுக்கூடம்தான் அவர்கள் கத்திரி போட்ட இடம் என்று கையைக் காட்டிச் சொல்வான். பன்னிரண்டே முக்காலுக்கு டிபன் பாக்ஸோடு என் அறைக்கு வந்துவிடுவான். என் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, இன்னிக்கும் வெறும் தயிர் சோறா? நோயாளி கூடக் குந்திக்கினு துன்ற மாரி கீது" என்பான். தன் கருவாட்டுக் குழம்பைப் பாதி என் மூடியில் ஊற்றுவான். பதிலுக்கு ஊரிலிருந்து வரும் காராச்சேவில் பாதி அவனுக்கு. ஒரு வருஷமும் எட்டு மாதமும் அப்படியே நடந்தது.

சங்கதி இதுதான். அந்தத் தை மாதம் எங்களுக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. அதற்காக மேனேஜர் ஒரு புதுக் கலவையை ஏற்பாடு செய்தார். கலக்கியவன் என் நண்பன். மேனேஜருக்கும் அவனுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. இவன் முகத்துக்கு நேராகப் பேசுவான். "இந்தத் தடவை சாம்பிள் ஃபெயில் ஆனா நீ மில்ல தொட வேணாம்" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவனுக்கு மில் என்றால் உயிர். எங்கள் கம்பெனியில் அதை ஓட்டுகிறவன் ராஜா, மற்றவர்களெல்லாம் பிசிறு வெட்டுகிறவர்கள்.

அந்தக் கலவையில் செய்த பன்னிரண்டு துண்டுகளைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஆறு வாரம் முடிந்ததும் ஆறை வெளியே எடுப்பது, மீதி ஆறு இன்னொரு ஆறு வாரம் உள்ளே இருப்பது என்று ஏற்பாடு. சோதனை ரொம்பச் சுலபம். சலூனில் தலையில் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அதே பாட்டில்தான். துண்டைச் சாய்த்துப் பிடித்து நாலு தடவை பீய்ச்சி, தண்ணீர் எப்படி நிற்கிறது என்று பார்த்து ஒன்றிலிருந்து ஏழு வரை மார்க் போடவேண்டும். உருண்டு திரண்டு நின்றால் ஒன்று. ஒரே படலமாகப் படுத்தால் ஏழு. பள்ளிக்கூடத்தில் எனக்கு இப்படி மார்க் போட்டிருந்தால் வகுப்பில் முதலாவதாக வந்திருப்பேன்.

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு துண்டுகளை எடுத்தேன். சூடு ஆறியதும் பீய்ச்சினேன். தண்ணீர் படுத்துவிட்டது. உருளவில்லை, திரளவில்லை, கழுவின கண்ணாடியில் ஊற்றினதுபோல் வழவழவென்று விரிந்தது. இரண்டாவது துண்டு, அதுவும். ஆறும் அதே கதை. மார்க் ஆறு, சிலதுக்கு ஏழு.

நான் பயந்தால் முதலில் காது சுடும். பிறகு அவசியமில்லாத காரியங்கள் செய்வேன். அன்று பாட்டிலைக் கழுவினேன். தண்ணீரில் கோளாறோ என்று குடிக்கிற தண்ணீரை ஊற்றிப் பீய்ச்சினேன். என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கண்ணாடி இல்லாமலும் பார்த்தேன். அப்போது கொஞ்சம் நன்றாக இருந்தது. கடைசியில் அவனைக் கூப்பிட்டேன்.

"இங்க பாருய்யா, தண்ணி பூராம் படுத்துருச்சு."

அவன் குனிந்து பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "ரப்பர வுடு. உன் மூஞ்சி ஏன் இப்டி பேஜாராய்ப் போய் கீது?"

"மேனேஜர் ஒடனே கேப்பாரு. ஃபெயிலுன்னு எழுதினா ஒன்னைய மில்லுல இருந்து தூக்கிருவாங்க."

"நாளைக்கு போகி. அப்பால பொங்கலு. அஞ்சு நாள் கம்பெனியே கெடையாது. இன்னா அவசரம்? உள்ள வெச்சுப் பூட்டு. வந்து பாத்துக்கலாம். எல்லாம் சரியாப் பூடும்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் பிறகு என் நோட்டில் முதல் ஆதாரமாக ஏறியது. பஸ் போய்விட்டாலும், மின்சாரம் நின்றாலும், என் மனைவியின் மாறுதல் தள்ளிப்போனாலும் அவன் அதையேதான் சொல்வான் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

துண்டுகளை ஒரு ஈயத்தாளில் வைத்துப் பீரோவில் பூட்டினேன். மார்க்கை எழுதவில்லை. சாவியைக் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். அந்த ஆணி எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்று ராத்திரி எனக்கு ஊருக்கு டிக்கெட் இருந்தது. ரத்து செய்தேன். மேனேஜர் திடீரென்று போன் செய்தால் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று தோன்றியது. பக்கத்தில் இருந்து என்ன செய்வேன் என்று தோன்றவில்லை. மனைவியிடம் டியூட்டி என்றேன். "பொங்கலுக்குமா?" என்றாள். "பெட்டி ஓடிக்கிட்டு இருக்கே" என்றேன். பெட்டிக்கு என் துணை வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும். "கரும்பாவது வாங்கிக்கங்க" என்றாள்.

எங்கள் குடியிருப்பில் இருப்பவர்கள் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். மதுரை, தஞ்சாவூர், சேலம். பாதிப் பேர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். போகி அன்று மத்தியானத்துக்குள் கட்டடம் காலியாகிவிட்டது. பதினாறு வீட்டில் நான் ஒருவன். மோட்டார் போட ஆள் இல்லாமல் நானே போட்டேன். தண்ணீர் நிரம்பி வழிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். கீழே போய் அணைக்காமல் ஐந்து நிமிஷம் விட்டுவைத்தேன், ஏதோ ஒரு சத்தமாவது இருக்கட்டும் என்று. பொங்கல் அன்று குக்கரில் பொங்கல் வைத்தேன். விசில் வந்ததும் 'பொங்கலோ பொங்கல்' சொல்ல வேண்டுமா, மூடியைத் திறந்தபின் சொல்ல வேண்டுமா என்று குழம்பி, இரண்டு தடவையும் மெதுவாகச் சொன்னேன். கரும்பு வாங்கினேன். ஒரு முழுக் கரும்பைத் தனி ஆளாக வைத்துக்கொண்டு என்ன செய்வது? கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். இரண்டு நாள் அதை யாரோ நிற்பதாக நினைத்துத் திடுக்கிட்டேன். மூன்றாம் நாள் பழகிவிட்டது. நாலாம் நாள், "தள்ளிக்கய்யா" என்று அதனிடம் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

நடுவில் மேனேஜரிடம் என்ன சொல்வது என்று முகம் பார்க்கும் கண்ணாடிமுன் ஒத்திகை பார்த்தேன். ஒத்திகையில் மேனேஜராக நடித்ததும் நான்தான் என்பதால் ஒவ்வொரு தடவையும் வேலை போயிற்று.

திங்கட்கிழமை கம்பெனி திறந்தது. எல்லோருக்கும் முன்னால் போய், காலண்டரை விலக்கிச் சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, துரதிர்ஷ்டத்தை இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்று முதல் துண்டில் தண்ணீரைப் பீய்ச்சினேன்.

சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மழைபோல் தண்ணீர் உருண்டது.

அடுத்த துண்டு, உருண்டது. ஆறும் உருண்டன. குட்டிக் குட்டியாக, முழு உருண்டையாக, சாய்த்தால் ஓடி விழுந்தன. மார்க் இரண்டு. ஒன்றுகூடப் போடலாம்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்குக் காது சுட்டது. வெயில் கெடுத்த ரப்பர் திரும்பாது. திரும்பாத ஒன்று திரும்பியிருக்கிறது என்றால் இது அது இல்லை. இது அது இல்லையென்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். சாவி இருக்கும் ஆணி இரண்டு பேருக்குத் தெரியும், அதில் ஒருவன் நான். வாட்ச்மேனிடம் போனேன்.

"லீவுல யாராச்சும் உள்ள வந்தாங்களாண்ணே?"

"யாரும் வர்ல சார். மில்லுக்காரருதான் காணும் பொங்கல் அன்னிக்கு ஒரு மணி நேரம் வந்தாரு. மிஷினுக்கு எண்ணெய் ஊத்திட்டுப் பூட்டாரு."

அதற்குமேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் நானே வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் எண் எழுதியிருந்தேன். அந்த எண்கள் அப்படியே என் கையெழுத்தில் இருந்தன. சாதாரண மனிதனாக இருந்தால் அங்கேயே நின்றிருப்பான். நான், 'என் கையெழுத்தையும் பழகியிருக்கிறான்' என்று நோட்டில் மூன்றாவது ஆதாரமாக எழுதினேன்.

அன்று மத்தியானம் அவன் டிபன் பாக்ஸோடு வந்தான். "இன்னா அண்ணாத்தே, ஊருக்குப் போயும் காராச்சேவு இல்லியா?" போகவில்லை என்று சொல்லவில்லை. "தண்ணி நின்னுச்சா?" என்று அவனே கேட்டான். நான் பீய்ச்சிக் காட்டினேன். "தோ! சொன்னேன்ல!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு நாலாவது ஆதாரம். நான் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்தினான். ஏழாவது.

மூன்று நாள் பொறுத்தேன். பொறுத்தேன் என்பது தப்பு. மூன்று நாள் நோட்டில் ஆதாரம் எழுதினேன். வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார். பொய்த் துண்டைக் காட்டி நான் கையெழுத்துப் போட்டு, பிறகு எங்கேயாவது மழையில் ஒரு கம்பம் எரிந்து, என்னைத் தேடிக்கொண்டு வருவார்கள். விலங்கோடு என் படம் பேப்பரில் வந்து, அதை மனைவி ஆசிரியர் அறையில் பார்ப்பதுவரை யோசித்தாகிவிட்டது. வியாழக்கிழமை மேனேஜர் அறைக்குப் போய், அவன் துண்டுகளை மாற்றிவிட்டான் என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேனேஜர் அவனைக் கூப்பிட்டு என் முன்னாலேயே கேட்டார். அவன் என்னைத்தான் பார்த்தான்.

"நான் எட்த்தேன்னு நீயா சொன்ன?"

நான் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பதில் சொல்லு அண்ணாத்தே. நீயா சொன்ன?"

"சாவி ஒனக்குத்தான தெரியும்" என்றேன்.

அவன் மேனேஜர் பக்கம் திரும்பி, "நான் எதுவும் எடுக்கல சார்" என்றான். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இன்ஸ்பெக்டர் வந்து முடிவு சொல்கிறவரைக்கும் மில்லைத் தொடக் கூடாது என்று மேனேஜர் அவனைப் பிசிறு வெட்டும் மேஜைக்கு அனுப்பினார். அன்றையிலிருந்து பன்னிரண்டே முக்காலுக்கு என் அறைக் கதவு திறக்கவில்லை. கண்ணாடித் தடுப்பு வழியாக அவன் முதுகு தெரியும். சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு குடைகளின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டிருப்பான். நான் தயிர் சோற்றைச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா. தோளில் லேப்டாப் பை, கையில் சொந்தமாக ஒரு பீய்ச்சும் பாட்டில். மேனேஜர் இல்லாத சமயமாகப் பார்த்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன்போல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். படுத்த தண்ணீர், பூட்டிய பீரோ, காணும் பொங்கல், எண்ணெய், என் பழைய கறுப்பு ரப்பர் குழாய் வரை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எடுத்த அன்னிக்கே பீய்ச்சினீங்களா?"

"ஆமா மேடம். சூடு ஆறினதும்."

"அப்புறம் அஞ்சு நாள் சும்மா இருந்துச்சு."

"பூட்டி வெச்சிருந்தேன் மேடம்."

"சார், சோதனை எப்படிச் செய்யணும்னு ஒரு பேப்பர் கொடுத்திருப்பாங்களே, படிச்சீங்களா?"

பதினாலு பக்கம். நாலு பக்கம் படித்திருந்தேன். ஐந்தாம் பக்கம் சூத்திரத்தில் ஆரம்பித்ததால் அங்கே நின்றுவிட்டேன். அவர் ஆறாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எடுத்தவுடன் ஒரு தடவை, இரண்டு நாள் சும்மா வைத்துவிட்டு ஒரு தடவை பீய்ச்சி இரண்டையும் எழுத வேண்டும் என்று இருந்தது.

"நீங்க கார்க் குழாய் பார்த்தவர். ரப்பர்னா அணுக்களைக் கோத்த நீளச் சங்கிலிதான். அந்த ரப்பர்ல சங்கிலி முழுக்க கார்பன். வெயில்ல இருக்கிற யூவி அந்தச் சங்கிலியையே அறுக்கும். அறுந்தது ஒட்டாது. இதுல சங்கிலி சிலிக்கானும் ஆக்சிஜனும் மாத்தி மாத்தி. மணல்ல இருக்கிற அதே கட்டு. வெயிலால அதை லேசில அறுக்க முடியாது. ஆனா சங்கிலிக்கு ரெண்டு பக்கமும் மீத்தைல்னு சின்னச் சின்னக் கொத்து தொங்குது. தண்ணியைத் தள்ளுறது அதுதான். யூவி அதைப் பிடுங்கிடும். பிடுங்கின இடத்துல ஆக்சிஜன் வந்து உக்காந்துக்கும். அதுக்குத் தண்ணின்னா பிடிக்கும். மேல் தோல் மட்டும் கண்ணாடி மாதிரி ஆயிடுது, தண்ணி படுத்துக்குது."

"சரி மேடம். அப்ப எப்படி மறுபடி...?"

"உள்ளே சங்கிலியில சேராத குட்டித் துண்டுங்க எண்ணெய் மாதிரி நிறைய இருக்கு. சும்மா விட்டா அது மெதுவா ஊறி மேல வந்து அந்தத் தோலை மூடிடும். அது மேல தண்ணி நிக்காது."

"எத்தனை தடவை கெட்டாலும் வருமா?"

"அப்படிச் சொல்ல முடியாது. அடிச்சுக்கிட்டே இருந்தா மேல் தோல் தடிச்சு விரிசல் விடும். அப்புறம் எண்ணெய் வர நாளாகும். வராமலும் போகலாம்."

நான் நம்பவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியை நிறுத்தச் சொல்லி, உள்ளே இருந்த மீதி ஆறில் ஒன்றை எடுக்கச் சொன்னார். பீய்ச்சினோம். தண்ணீர் படுத்தது. பின்பக்கம் அவரே கையெழுத்துப் போட்டு, ஒரு தட்டில் வைத்து, மேலே கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டி அதன்மேலும் கையெழுத்துப் போட்டார். "தினம் ஒரு மூலையில மட்டும் ஒரு பீய்ச்சு. அப்புறம் மூடிடுங்க, புது டேப் ஒட்டிக்கலாம். உங்க கண்ணாலயே பாருங்க சார்."

சனிக்கிழமை தண்ணீர் இன்னும் படுத்துத்தான் இருந்தது. ஆனால் ஓரத்தில் பல்பல்லாகச் சுருங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத கம்பெனிக்கு வந்து பார்த்தேன். படலம் உடைந்து தீவு தீவாகக் கிடந்தது. ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் அசைவது தெரியவில்லை. திங்கட்கிழமை அந்தத் தீவுகள் குமிழ் கட்டின. செவ்வாய்க்கிழமை உருண்டன. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலு நாளும் யாரும் அதைத் தொடவில்லை. பின்பக்கம் அந்த அம்மாவின் கையெழுத்து அப்படியே இருந்தது. அந்தக் கையெழுத்தையும் யாராவது பழகியிருப்பார்களா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

மேனேஜரிடம் போனேன். அவர் ஏற்கெனவே இன்ஸ்பெக்டரின் மெயிலைப் படித்திருந்தார். கலவை பாஸ். அவனை மில்லுக்கே திருப்பி அனுப்பலாம் என்றார். "கூப்பிடுங்க." பிசிறு மேஜையில் அவன் இல்லை. சனிக்கிழமையிலிருந்து வரவில்லை என்று அங்கே இருந்த பெண்கள் சொன்னார்கள். போன் அடித்து அடித்து நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில்பதாகைக்குப் போனேன். காராச்சேவு அரைக் கிலோ கையில். அவன் வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினான்.

"வா அண்ணாத்தே. குந்து."

நான் உட்காராமலே முழுவதையும் சொன்னேன். சங்கிலி, கொத்து, கண்ணாடித் தோல், எண்ணெய். இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னதைவிட நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவன் பைக் சீட்டில் நின்ற தண்ணீரைக் கையால் வழித்துக்கொண்டே கேட்டான். அவன் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார். வழக்கமாக இரண்டு வார்த்தை பேசுகிறவர்.

"ஆக, ரப்பரு தானா நல்லாயிச்சு."

"ஆமாய்யா. நீ தொடவே இல்ல. எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு. மேனேஜர் ஒன்னைய மில்லுக்கே வரச் சொல்றாரு."

"வேற எடத்துல சேந்துட்டேன். திருமுல்லவாயல் பக்கம். அங்கயும் மில்லுதான்."

"இங்க வந்துரு."

"இல்ல, வுடு." பைக் கண்ணாடியை வழித்துவிட்டுச் சொன்னான்: "தெனம் ஒண்ணா குந்திக்கினு துன்னோம். 'டேய், நீ எட்த்தியாடா'ன்னு ஒரு வார்த்த என்னாண்ட கேட்டிருக்கலாம். இல்லன்னு சொல்லிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்."

"கேட்டிருக்கணும்."

"ஆங்."

காராச்சேவை வாங்கிக்கொண்டான். பஸ் ஸ்டாப் வரை பைக்கில் கொண்டுவந்து விட்டான். வழியில் நான் இரண்டு ஜோக் சொன்னேன். ஒன்றுக்கு அவன் தோள் குலுங்கிற்று; சிரித்தானா, பள்ளத்தில் இறங்கினோமா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. அதற்குப் பிறகு நாலைந்து தடவை போன் செய்தேன். எடுப்பான், நன்றாகத்தான் பேசுவான். அவனாகச் செய்ததில்லை. இப்போது மில்லுக்கு ஒடிசாக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். அவர் தன் ஊர் ஆட்களோடு வெளியே மரத்தடியில் சாப்பிடுகிறார். நான் பன்னிரண்டே முக்காலுக்கு என் அறையில்.

நடந்தது இவ்வளவுதான். காணும் பொங்கல் அன்று அவன் வந்தது மிஷினுக்கு எண்ணெய் ஊற்ற, ஊற்றிவிட்டுப் போய்விட்டான். சாவி ஆணியிலேயே இருந்தது. பீரோவை யாரும் திறக்கவில்லை. உள்ளே ஐந்து நாள் சும்மா கிடந்ததில் ரப்பர் தானே சரியாகிவிட்டது.